உதவிக்கு அழைத்தவனைத் தண்டிக்காதீர்கள்

தமிழ்நாட்டின் கல்லூரி முதல்வர்களுக்கும், விடுதிக் காப்பாளர்களுக்கும், ராகிங் தடுப்புக் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் மாணவரிடமும் பெற்றோரிடமும் நீங்கள் ஓர் உறுதிமொழிப் படிவம் வாங்குகிறீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த ராகிங் தடுப்பு விதிமுறைகளின்படி வாங்கும் படிவம் அது. ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்பதோடு அது நின்றுவிடுவதில்லை. ஒன்றைச் செய்வதன் மூலமோ, செய்யாமல் விடுவதன் மூலமோ ராகிங்குக்குத் துணைபோக மாட்டேன் என்றும் மாணவர் உறுதி கூறுகிறார். அதாவது, பக்கத்து அறையில் ஒருவன் அடிவாங்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவனும் கேள்விக்கு உரியவன். இதை எழுதியவர்களைப் பாராட்டுகிறேன்.

அதே மாணவனின் கையில் நீங்கள் கொடுக்கும் விடுதி விதிப் புத்தகத்தில் இன்னொரு வரி இருக்கிறது. வளாகத்துக்குள் மது அருந்தினாலோ, அருந்திவிட்டு வந்தாலோ விடுதியிலிருந்து உடனடி நீக்கம். சில கல்லூரிகளில் டி.சி. கொடுத்தே அனுப்பிவிடுகிறார்கள். இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முறை வாசித்துப் பாருங்கள். நான் சொல்ல வந்தது முழுக்க அந்த இரண்டு தாள்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

நான் ஒரு மாவட்டத் தலைநகரின் மருத்துவமனையில், அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர். சுற்றிலும் கல்லூரிகள் நிறைந்த ஊர். வார இறுதி இரவுகளில் மாணவர்கள் மாணவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மூன்று பேர் வந்தால் ஒருவன் செருப்பில்லாமல் வந்திருப்பான். பேசுகிறவன் மேசையிலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவான். வாசனை எனக்கு எட்டிவிடக் கூடாதாம். அடிபட்ட எவருக்கும் நாங்கள் விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். எங்கள் பேச்சில் அது ஏ.ஆர். எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி அடிபட்டது, அடித்தவர்கள் எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எதைக் கொண்டு அடித்தார்கள், கூட்டி வந்தவர் யார் என்று வரிசையாகக் கேட்போம். அவர்களிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: படிக்கட்டில் விழுந்துவிட்டான், சார்.

படிக்கட்டில் விழுந்தவனின் காயம் எனக்குத் தெரியும். மண்டை, முழங்கை, முட்டி என்று எலும்பு துருத்தும் இடங்களில் சிராய்த்திருக்கும். இரண்டு முன்கைகளின் வெளிப்புறத்தில் மட்டும் நீளவாக்கில் கன்றிப்போயிருந்தால், அவன் தலையை மறைத்துக்கொண்டு அடிவாங்கியிருக்கிறான் என்று பொருள். எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்டால், இப்போதுதான், பத்து நிமிடம் ஆகிறது என்பார்கள். தலைமுடியில் இரத்தம் காய்ந்து ஓடு கட்டியிருக்கும். மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கும்.

அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கசிகிறவன் குழறிப் பேசுவான், தள்ளாடுவான், வாந்தி எடுப்பான், தூங்கிப்போவான். நிறையக் குடித்தவனும் இவை அனைத்தையும் செய்வான். ஸ்கேன் எடுக்கும்வரை எனக்கே பிரித்துச் சொல்வது கடினம் என்றால், அறைத் தோழன் என்ன செய்வான்? தூங்கட்டும், காலையில் தெளிந்துவிடும் என்று போர்வையைப் போர்த்திவிடுவான். அடியே இல்லாமல் வெறும் மதுவாக இருந்தாலும் ஆபத்து அதோடு முடிவதில்லை. கடைசி வாய் குடித்த பிறகும் வயிற்றில் கிடக்கும் மது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். மல்லாந்து கிடப்பவன் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கும்.

ஏன் அழைக்கவில்லை என்று நாம் கேட்கிறோம். அவன் போட்ட கணக்கைச் சொல்கிறேன். காப்பாளரை அழைத்தால் முதலில் என் வாயை முகர்ந்து பார்ப்பார். மறுநாள் பெற்றோரை வரச் சொல்வார்கள். அப்பா நெசவுத் தறியையோ ஆட்டோவையோ நிறுத்திவிட்டு வந்து அலுவலக வாசலில் நிற்பார். மன்னிப்புக் கடிதம், விடுதி நீக்கம், நடத்தைச் சான்றிதழில் ஒரு கறை. காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் நான்கு வருடமும் கூடவே வரும். மறுபக்கம், நான் சும்மா இருந்தால் அநேகமாக ஒன்றும் ஆகாது. எந்தப் பக்கம் கூட்டினாலும் வாயை மூடிக்கொள்வதே லாபம் என்று விடை வரும்படி விதிகளை எழுதிவைத்திருப்பது நாம்தான்.

இதில் வயதும் ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். இளநிலை வகுப்பில் சேருகிறவனுக்கு 17 அல்லது 18 வயது. படித்து முடிக்கும்போதுதான் 21-ஐத் தொடுகிறான். அப்படியென்றால் அவன் கைக்குக் குப்பி எப்படி வருகிறது? சந்துக்கடையிலிருந்து வரலாம். வயது வந்த மூத்த மாணவன் வாங்கித் தரலாம். பிறந்தநாள் ட்ரீட் என்று தொடங்கும் இரவுகளில் வாங்கித் தருகிறவன் பெரும்பாலும் மூத்தவன்தான், பிறகு கையை ஓங்குகிறவனும் பல நேரம் அவனே. அவன் காசில் குடித்துவிட்டு அவனையே எப்படித் தடுப்பது என்ற கூச்சம் ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு எவ்வளவு பெரியது என்பதை நாம் மறந்துவிட்டோம். (டாஸ்மாக் கடைகள் கல்லூரிகளிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற விவாதத்துக்குள் நான் இங்கே நுழையவில்லை. அதை எழுதினால் இந்த மடல் அரசுக்குப் போக வேண்டியதாகிவிடும். உங்கள் கையில் இருப்பதை மட்டும் பேசுகிறேன்.)

கூடி நிற்கிறவர்கள் ஏன் கைகொடுப்பதில்லை என்பதை 1960-களின் இறுதியில் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சோதனைகள் நடத்தி ஆராய்ந்தார்கள். ஒருவர் தலையிடுவதற்கு முன் அவர் மனம் சில படிகளைக் கடக்க வேண்டும் என்றார்கள். நடப்பது கண்ணில் பட வேண்டும். இது ஆபத்து என்று புரிய வேண்டும். இதில் எனக்குப் பொறுப்பு உண்டு என்று தோன்ற வேண்டும். என்ன செய்வதென்று தெரிய வேண்டும். பிறகு துணிய வேண்டும். குடி இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் வழுக்கிவிடுகிறது. மது உள்ளே போனதும் கவனம் குறுகிவிடுகிறது, கண்ணுக்கு நேரே இருப்பது மட்டுமே மனத்துக்கு எட்டுகிறது என்பதை 1990-இல் கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் இருவரும் விளக்கினார்கள். பாட்டும் சிரிப்பும் நேரே இருக்கின்றன. மூலையில் ஒருவன் முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பது நேரே இல்லை. விளையாட்டாகக் கொடுக்கும் பிறந்தநாள் அடி எந்த நொடியில் உண்மையான அடியாக மாறியது என்பதும் குடித்த கண்ணுக்குத் தெரியாது. எல்லோரும் சிரிக்கிறார்கள், அதனால் இது விளையாட்டுதான் என்று ஒவ்வொருவனும் மற்றவன் முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்கிறான்.

இதைச் சொன்னதும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஈரமே இல்லை, எதைக் கண்டாலும் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள் என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் என்ற மூன்று நகரங்களில் தெருச் சண்டைகளின் கண்காணிப்பு கேமராப் பதிவுகள் 219-ஐ ஆய்வாளர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். பத்தில் ஒன்பது சண்டைகளில் வழிப்போக்கர் ஒருவராவது குறுக்கே புகுந்து தடுத்திருந்தார். கூட்டம் கூடக்கூட யாராவது தலையிடும் வாய்ப்பும் கூடியது. அறிமுகமே இல்லாதவர்கள் தெருவில் இவ்வளவு செய்கிறார்கள் என்றால், ஒரே தட்டில் சாப்பிடும் பையன்கள் விடுதியில் ஏன் உறைந்துபோகிறார்கள்? தெருவில் தடுத்தவன் தடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். விடுதியில் தடுத்தவன் மறுநாள் காலை அதே உணவுக்கூடத்தில் அதே மூத்தவனுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். போதாததற்கு நீங்கள் வேறு அவனுக்காகக் காத்திருக்கிறீர்கள்.

நமக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. 1996 நவம்பரில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-இல் வந்தது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்கத் தவறும் கல்லூரித் தலைவர் அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. உங்களுக்கு அது நினைவிருக்கும் என்று நம்புகிறேன். 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில், அரசு மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் அமன் கச்ரூ, குடித்திருந்த மூத்த மாணவர்கள் அடித்ததில் இறந்துபோனார். பத்தொன்பது வயது. அதன் பிறகு வந்தவைதான் இன்று உங்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கும் விதிமுறைகளும், 1800-180-5522 என்ற உதவி எண்ணும். மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் வாழும் விடுதியில், மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். தலைக்காயம் என்றால் என்னவென்று தெரியாத இடமா அது?

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்க இல்லம் ஒன்றில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வரிசையாக மதுவைக் கொடுத்துக் குடிக்க வைத்தார்கள். டிமதி பியாசா என்ற பத்தொன்பது வயது மாணவர் நிலவறைப் படிக்கட்டில் விழுந்தார். அதன் பிறகு ஆம்புலன்ஸை அழைக்க ஏறத்தாழ 12 மணி நேரம் ஆனது. நடந்ததெல்லாம் அந்த இல்லத்தின் கேமராக்களில் பதிவாகியிருந்தது. மல்லாந்து புரண்டு வாந்தியில் மூச்சுத் திணறிவிடக் கூடாது என்று, புத்தகங்கள் நிரப்பிய பையை அவர் முதுகில் மாட்டிவிட்டிருந்தார்கள். இந்த ஒரு செயலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. செத்துவிடக்கூடும் என்று தெரிந்தவன்தான் அந்தப் பையை மாட்டுவான். ஆனாலும் போனை எடுக்கவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வற்புறுத்திய ஒரே ஒருவரையும் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் 2018-இல் பியாசாவின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. குற்றம் செய்தவர்களுக்குத் தண்டனையைக் கூட்டியதோடு, உயிருக்கு ஆபத்து என்று உதவிக்கு அழைத்து, உதவி வரும்வரை கூடவே இருந்தவருக்குப் பாதுகாப்பும் கொடுத்தது. அதற்கும் முன்பே, 2002-இல், கார்னெல் பல்கலைக்கழகம் இப்படி ஒரு விதியைக் கொண்டுவந்திருந்தது. மதுவால் ஒருவர் ஆபத்தில் இருக்கும்போது உதவிக்கு அழைத்தால், அழைத்தவர் மீதும் ஆபத்தில் இருந்தவர் மீதும் குடித்ததற்காக ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. பிறகு கணக்கெடுத்துப் பார்த்தார்கள். உதவிக்கு வந்த அழைப்புகள் கூடியிருந்தன. மாணவர்களின் குடி அதனால் கூடியதாகத் தெரியவில்லை. சலுகை கொடுத்தால் குடிப்பது அதிகமாகிவிடும் என்று நீங்கள் சொல்லப்போவதற்கு இதுவே என் பதில். எவனும் மன்னிப்பு விதி இருக்கிறது என்ற தைரியத்தில் குவாட்டர் வாங்கப் போவதில்லை.

அமெரிக்காவெல்லாம் நமக்கு ஒத்துவராது என்றால், நம் நாட்டுச் சாலைகளுக்கே வாருங்கள். விபத்தில் அடிபட்டவரைத் தொட்டால் போலீஸ், சாட்சி, கோர்ட் என்று அலைய வேண்டிவரும் என்று பயந்து, சுற்றி நின்று வேடிக்கை பார்த்த நாடு இது. 2013-இல், சாலைப் பாதுகாப்புக்காக இயங்கும் சேவ்லைஃப் அறக்கட்டளை எடுத்த ஆய்வில், அடிபட்டவருக்கு உதவ முன்வர மாட்டோம் என்ற மனநிலையில் 74 சதவீதத்தினர் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் சொன்ன காரணம் போலீஸ், வழக்குத் தொல்லைதான். அதே அறக்கட்டளை தொடுத்த வழக்கில் 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் வழிகாட்டுதல்களுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பு 134ஏ பிரிவாகச் சேர்ந்தது. இன்று அடிபட்டவரைக் கொண்டுவருகிறவரிடம் பெயர் கேட்டு நான் வற்புறுத்த முடியாது. அவர் சொல்லாமல் போகலாம். தமிழ்நாடு அரசு, சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கான ‘நம்மைக் காக்கும் 48’ சிகிச்சைத் திட்டத்தில், கொண்டுவந்து சேர்த்தவருக்கு 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. முன்பு ஆட்டோக்காரர் வாசலில் இறக்கிவிட்டு ஓடுவார். இப்போது உள்ளே வந்து ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மனிதர்கள் மாறிவிடவில்லை. பயம் குறைந்திருக்கிறது.

நெடுஞ்சாலையில் ஓர் ஆட்டோக்காரருக்குக் கொடுத்த பாதுகாப்பை உங்கள் விடுதியில் ஒரு மாணவனுக்குக் கொடுக்க எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. ஆட்சிக் குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

மாணவிகளின் நிலை இதைவிட மோசம். அவர்கள் விடுதியில் இன்-டைம் ஒரு தனிச் சட்டம். மாலை ஆறரை, ஏழு மணிக்குள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரத்தைத் தாண்டி ஒரு விருந்தில் இருந்த மாணவி, அங்கே தன் தோழியிடம் குடித்திருந்த ஒருவன் அத்துமீறுவதைப் பார்த்தால், புகார் கொடுக்கும் முன் தன்னைப் பற்றியே வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் உனக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் அவள் சந்திக்கும் முதல் கேள்வி. 2024 டிசம்பரில் சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த பாலியல் வன்கொடுமையில், பாதிக்கப்பட்ட மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் வழங்கவும் உத்தரவிட்டது. அந்தக் குற்றத்துக்கும் மதுவுக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தக் கசிவைப் பார்த்த எத்தனை மாணவிகள், எதைக் கண்டாலும் நமக்கெதற்கு என்று முடிவெடுத்திருப்பார்கள்! உங்கள் உள்ளகப் புகார்க் குழுவின் மேசையிலிருந்து ஒரு பெயரும் வெளியே போகாது என்று அவர்கள் நம்பும்வரை, சாட்சி சொல்ல யாரும் வர மாட்டார்கள்.

இனி நான் கேட்பது. உங்கள் விடுதி விதிப் புத்தகத்தில், மதுவுக்கான தண்டனை இருக்கும் அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் இதைச் சேருங்கள்: தனக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்று காப்பாளரையோ, 108-ஐயோ, காவல் துறையையோ அழைத்து, உதவி வரும்வரை கூட இருந்த மாணவர் மீது, அந்த இரவில் அவர் மது அருந்தியிருந்ததற்காகவோ, நேரம் கடந்து வெளியே இருந்ததற்காகவோ எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாது; பெற்றோருக்குத் தகவல் போவது உடல்நிலையைப் பற்றி மட்டுமே இருக்கும். அடித்தவனுக்கு இதில் இடமில்லை. வற்புறுத்திக் குடிக்க வைத்தவனுக்கும் இல்லை. அடித்துவிட்டுப் பயந்துபோய் 108-ஐ அழைத்தவனை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவன் அடித்ததற்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் அழைத்ததைத் தண்டனையின் அளவில் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

குடிக்கிறவர்கள் மீண்டும் மீண்டும் இந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால்? அப்போது ஆலோசகரிடம் அனுப்புங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. இரண்டாம் முறை வந்தவனுக்கு உதவி தேவை என்று பொருள்; அவனை வெளியே தள்ளினால் கல்லூரிக்கு வெளியே வாடகை வீட்டில், காவலாளிகூட இல்லாத இடத்தில் அதையே செய்வான். அங்கிருந்து வருகிறவர்கள்தான் எங்களிடம் மிகத் தாமதமாக வருகிறார்கள்.

காவலாளியை மறந்துவிடாதீர்கள். இரவில் உங்கள் வளாகத்தில் நிச்சயமாகக் குடிக்காமல் விழித்திருக்கும் ஒரே மனிதர் அநேகமாக அவர்தான். ஒப்பந்த ஊழியர், மாதச் சம்பளம் சொற்பம், காப்பாளரின் அனுமதியில்லாமல் இரவு பத்து மணிக்கு மேல் கதவைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. வாசலில் 108 வந்து நின்றால் முதலில் போனில் அனுமதி கேட்பார். காப்பாளர் தூங்கியிருப்பார். ஆம்புலன்ஸுக்குக் கதவு திறக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று ஒரு சுற்றறிக்கை எழுதி, அவர் நாற்காலிக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள்.

மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்று சொல்லி அரங்கத்தில் ஐந்நூறு பேரை உட்கார வைத்து, ஓர் அதிகாரியை அழைத்து, போதையின் தீமைகள் என்று பேச வைக்கிறீர்கள். சால்வை போர்த்துகிறீர்கள். படம் எடுத்துக்கொள்கிறீர்கள். அதில் ஒரு அரை மணி நேரத்தை எனக்கு ஒதுக்குங்கள். மயங்கிக் கிடப்பவனை ஒருக்களித்துப் படுக்க வைப்பது எப்படி, எழுப்பினால் கண் திறக்காதவனை எப்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அடிக்கிற மூத்தவனிடம் நேருக்கு நேர் மோதாமல் ‘அண்ணா, காப்பாளர் வருகிறார்’ என்று ஒரு பொய்யைச் சொல்லி அந்த இடத்தைக் கலைப்பது எப்படி என்று காட்டுகிறேன். தடுப்பது என்றால் மார்பை நிமிர்த்திக்கொண்டு குறுக்கே பாய்வது என்று சினிமா சொல்லிக் கொடுத்திருக்கிறது. பயந்தவனாலும் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. ஐந்து பேர் குடிக்கப் போனால் வண்டி ஓட்ட ஒருவன் குடிக்காமல் இருப்பதை மாணவர்களே வழக்கமாக வைத்திருக்கிறார்கள். அந்த ஒருவனுக்கு இவை தெரிந்தால்கூடப் போதும்.

விதியின் வரைவை எழுத ஆள் வேண்டுமென்றால் நானும், சட்டம் படித்த என் நண்பர் ஒருவரும் இருக்கிறோம். காசு வேண்டாம், சால்வையும் வேண்டாம். அடுத்த சேர்க்கைக்கான விதிப் புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன் சொல்லியனுப்புங்கள். வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் வர இயலாது, பணியில் இருப்பேன்.

இப்படிக்கு,
அரசுப் பணியில் இருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கும்
ஓர் அவசர சிகிச்சை மருத்துவர்